கல்லூரித் தடகளம்: பதக்கத்துக்கு முன்னால் பழைய மாணவர்கள் எங்கே?

வேலந்தாவளத்தான் எழுதியது:

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவிலும் அதை ஒட்டிய பொள்ளாச்சி, கோவைப் பக்கமும் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் இங்கேயே கேட்கிறேன். நம் கல்லூரிகளின் பழைய மாணவர்களான நாம், அங்கே இப்போது ஓடிக்கொண்டும் தாண்டிக்கொண்டும் இருக்கிற பிள்ளைகளுக்கு என்ன செய்கிறோம்?

பதக்கம் வந்தால் என்ன செய்வோம் என்பது தெரியும். அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் ஒரு பிள்ளை மூன்றாவதாக வந்தால்கூட மறுநாள் ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் நிற்கும். பேட்ச் வாட்ஸாப் குழுக்களில் ‘எங்க காலேஜ்’ என்று படம் சுற்றும். ரீயூனியன் மேடையில் கூப்பிட்டுப் பொன்னாடை போடுவோம். அதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அதே பிள்ளை முதல் வருடத்தில், பெயரே யாருக்கும் தெரியாத காலத்தில், விடியற்காலை மண் டிராக்கில் பயிற்சி முடித்துவிட்டு வெறும் டீயோடு வகுப்புக்குப் போகும்போது நம்மில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

பாலக்காடு மாவட்டத்தில் திறமைக்குப் பஞ்சம் கிடையாது. பறளி, முண்டூர், குமரம்புத்தூர் என்று பள்ளிப் பெயரைச் சொன்னாலே கேரளம் முழுக்கத் தெரியும். முண்டூர் பி.யு. சித்ரா 2017-ல் புவனேஸ்வரிலும் 2019-ல் தோஹாவிலும் ஆசிய சாம்பியன்ஷிப் 1500 மீட்டர் தங்கம் வாங்கினார். பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் கணிதம் படித்த ஸ்ரீசங்கர் 2022 காமன்வெல்த் நீளம் தாண்டுதலில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி. அடுத்த வருடம் புவனேஸ்வரில் 8.41 தாண்டினார். பள்ளி வரைக்கும் இந்த மாவட்டத்தோடு போட்டி போட ஆள் குறைவு. ப்ளஸ் டூ முடிந்ததும்தான் பிள்ளைகள் சிதறிப் போகிறார்கள். பாதிப் பேர் ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். நன்றாக ஓடுகிறவர்களில் பலர் கோவைக்கோ கர்நாடகத்து மூடபித்ரிக்கோ போகிறார்கள். அகில இந்தியத் தடகளத்தில் மங்களூர் பல்கலைக்கழகம் வருடக்கணக்கில் ஒட்டுமொத்தப் பட்டம் வாங்கி வருகிறது. அந்த அணியில் பெரும்பாலோர் மூடபித்ரி ஆள்வாஸ் கல்லூரிப் பிள்ளைகள். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் கல்லூரியே ஏற்றுக்கொள்கிறது. அதனால் போகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் ஆண்டு விழாவுக்காகப் பழைய மாணவர்கள் சேர்த்த பணம் நுழைவாயில் வளைவுக்குப் போனது. அதே வருடம் நீளம் தாண்டும் குழியில் மணல் மாற்ற ஆளில்லை. கல்லூரி மேல் பற்று என்று நாம் சொல்வது எதன் மேல்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.


கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த இழையை யாராவது தொடங்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

கல்லூரிப் போட்டி என்பது ஏதோ பள்ளிக்கும் வேலைக்கும் நடுவில் வருகிற பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். எம்.டி. வல்சம்மாவைப் பாருங்கள். கண்ணூர்க்காரர். பாலக்காடு மெர்சி கல்லூரிக்குப் படிக்க வந்த பிறகுதான் தடகளத்தை முழுமூச்சாக எடுத்தார். 1979-ல் புனேயில் நடந்த பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் 100 மீட்டர் தடையோட்டத்திலும், ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்டாத்லானிலும் பதக்கம். அதற்கு அப்புறம் தென்னக ரயில்வே வேலை, ஏ.கே. குட்டி சாரின் பயிற்சி. மூன்றே வருடத்தில், 1982 டெல்லி ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தடையோட்டத் தங்கம், 58.47 வினாடி. ஆசியப் போட்டித் தடகளத்தில் தங்கம் வாங்கிய முதல் சில இந்தியப் பெண்களில் ஒருவர். நடுவில் அந்தக் கல்லூரி வருடங்களை எடுத்துவிட்டால் அந்தப் பதக்கம் இல்லை.

பதினெட்டிலிருந்து இருபத்தொன்றுக்குள் ஓட்டக்காரியின் உடம்பு மாறுகிறது, பயிற்சியின் கனமும் கூடுகிறது. அந்த நேரத்தில் வீட்டுச் சாப்பாடு போதாது. நம் பகுதிப் பெண் பிள்ளைகளில் ரத்தம் குறைவாக இருப்பவர்கள் அதிகம் என்பதை மைதானத்திலேயே பார்த்திருக்கிறேன். 400 மீட்டரில் கடைசி 100-ல் கால் நின்றுவிடும். பார்க்கிறவர்கள் ‘மனவலிமை இல்லை’ என்பார்கள். இரும்புச் சத்து இல்லை, அதுதான் விஷயம். நாலு முட்டை, அரை லிட்டர் பால், ஊறவைத்த கொண்டைக்கடலை, நேந்திரம் பழம், கொஞ்சம் முருங்கைக்கீரை. இதைத் தினமும் தவறாமல் கொடுக்க ஒரு கல்லூரியின் நாலு பேட்ச் போதும்.

ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி பற்றியும் சொல்கிறேன். மண் டிராக்கில் நீளமான ஆணி வேண்டும், சிந்தெடிக் டிராக்கில் ஓட 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. இரண்டு வகை ஆணியும் அதை மாற்றுகிற சாவியும் இல்லாமல் பெரிய போட்டிக்குப் போய், வாசலில் நின்று கடன் கேட்கிற பிள்ளைகள் உண்டு. அவ்வளவு சின்னப் பொருள். அதற்குக்கூட ஒரு சங்கம் இல்லை.


பாறைக்காட்டான் எழுதியது:

டீச்சர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த மண்ணில் வளர்த்த பிள்ளை, இந்த ஊர்ப் பள்ளியில் சொந்தக் காசு போட்டு ஓடக் கற்றுக்கொடுத்த சார்மார், கடைசியில் பேர் வாங்குவது வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம். பழைய மாணவர்களிடம் மட்டும் பற்றைக் கேட்கிறீர்கள். ஓடுகிறவர்களுக்குப் பற்று வேண்டாமா?

இன்னொன்று. மாதாமாதம் காசு கொடுத்துப் பழக்கினால் நாளைக்கு அதைவிட அதிகம் கொடுக்கிறவனிடம் போவார்கள். வளைவு கட்டினால் ஐம்பது வருடம் நிற்கும். அதில் எங்கள் பேட்ச் பேர் இருக்கும். என் மகன் அந்த வழியாக உள்ளே போவான். அதில் என்ன தப்பு?


தடைதாண்டி எழுதியது:

பாறைக்காட்டான் அண்ணா, அப்படிப் போனவர்களில் நானும் ஒருத்தி. அதனால் நானே பதில் சொல்கிறேன். என் வீடு கேரளத்தில், எல்லையிலிருந்து நடக்கிற தூரம். பாலக்காட்டுப் பள்ளியில் பயிற்சி எடுத்தேன். இப்போது கோவையில் ஒரு கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் படிக்கிறேன்.

100 மீட்டர் தடையோட்டத்தில் பத்துத் தடை. முதல் தடை 13 மீட்டரில், அதற்கு அப்புறம் எட்டரை மீட்டருக்கு ஒன்று, கடைசித் தடையிலிருந்து கோடு வரை பத்தரை மீட்டர். இரண்டு தடைக்கு நடுவில் மூன்றே காலடி. இந்தத் தாளம் உடம்பில் ஏற வேண்டும் என்றால் பத்துத் தடையையும் வைத்து ஓட வேண்டும். நான் முதலில் சேர்ந்த கல்லூரியில் நேராக நிற்கிற தடை ஐந்துதான். பயிற்சியில் ஐந்து வரைக்கும் என் காலுக்குத் தெரியும். ஆறாவது தடையை நான் சந்திப்பதே போட்டி அன்றைக்குத்தான். ஆறிலோ ஏழிலோ இடித்து விழுவேன். ‘டென்ஷன் ஆகிட்டா’ என்று சொல்வார்கள்.

அந்தக் கல்லூரியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பி.டி. சார் தன்னால் ஆனதைச் செய்தார். பழைய மாணவர்கள் யாரையும் நான் மைதானத்தில் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான். கோவையில் இருபது தடை, மெஸ்ஸில் தனிச் சாப்பாடு, முழங்காலுக்குக் கீழே வலித்தால் பார்க்க ஃபிசியோ. அப்பா கள்ளு இறக்குகிற வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் இதையெல்லாம் எப்படிக் கேட்பது?

பற்று இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள் அண்ணா. பல்கலைக்கழகப் போட்டியில் நான் கோவைப் பல்கலைக்கழகமான ‘பாரதியார்’ ஜெர்சியில் நின்றேன். பாலக்காட்டுக் கல்லூரிகள் சேர்ந்த பல்கலைக்கழகமான ‘காலிகட்’ ஜெர்சியில் நின்றவள் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இரண்டு பேரும் ஒரே சாரிடம் ஓடக் கற்றவர்கள். அவளும் நன்றாக ஓட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. இதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?


வேலந்தாவளத்தான் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து தடை வைத்துக்கொண்டு பத்துத் தடைப் போட்டிக்கு அனுப்புகிறோம், விழுந்தால் மனசைக் குறை சொல்கிறோம். இந்த இழையில் இதைவிடத் தெளிவாக யாரும் எழுதப் போவதில்லை.


நாகர்கோவில் பழைய மாணவன் எழுதியது:

ஜெர்சியில் இருக்கிற பேர் பற்றி ஒரு விஷயம். எல்லைப் பகுதிக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும்.

எங்கள் ஊர் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893-லிருந்து இருக்கிறது. முதலில் மெட்ராஸ் பல்கலைக்கழகம். 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் வந்ததும் அதன் கீழ் போனது. 1956-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு மறுபடி மெட்ராஸ். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது, 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் வந்தது. தாத்தா, அப்பா, மகன் மூன்று பேரும் ஒரே கல்லூரியில் படித்து மூன்று பல்கலைக்கழகச் சான்றிதழ் வைத்திருக்கிற வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. உங்கள் சித்தூர் அரசுக் கல்லூரியும் அப்படித்தானே? 1947-ல் தொடங்கியது. அப்போது கொச்சி ராஜ்யம், பல்கலைக்கழகம் மெட்ராஸ். அப்புறம் கேரளா, 1968-லிருந்து காலிகட்.

அதனால் பல்கலைக்கழகத்தின் மேல் நமக்குப் பற்று வரவில்லை என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. ஒருவர் தலைமுறைக்குள்ளேயே பேர் மாறிவிடுகிறது. ஆனால் பெரிய போட்டி எல்லாம் பல்கலைக்கழகப் பேரில்தான் நடக்கிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஜெயித்து, பல்கலைக்கழக கேம்ப்புக்குத் தேர்வாகி, அகில இந்தியப் போட்டிக்கு ரயில் ஏறும்போது அந்தப் பிள்ளையின் மார்பிலிருந்து கல்லூரியின் பேர் போய்விடுகிறது. கல்லூரியின் பழைய மாணவர்களுக்கு ‘இது நம்ம ஆள்’ என்று தெரிய வழியே இல்லை. பல்கலைக்கழகத்துக்கோ பழைய மாணவர் என்று உருப்படியாக யாரும் இல்லை. இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் பக்கம் பற்றுக்குக் குறைவில்லை. தூத்தூர், வள்ளவிளைக் கடற்கரையில் கால்பந்து ஆட்டம் என்றால் கடலுக்குப் போகிறவர்கள்கூட வந்து நிற்பார்கள். ஊர் அணி என்றால் உயிர். கல்லூரி அணி என்றால் அந்த உயிர் ஏன் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.


மூணாறு எஸ்டேட் எழுதியது:

எங்கள் மலையிலும் அதே கதை. ஃபின்லே ஷீல்டு கால்பந்தில் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும்போது கொழுந்து பறிக்கிற அம்மாக்கள், வேலை விட்டுப் போனவர்கள், திருப்பூர் போய்ச் செட்டில் ஆனவர்கள் எல்லாரும் மைதானத்தில் இருப்பார்கள். ஆட்டக்காரனை அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கல்லூரியில் ஓடுகிறவனை யாருக்கும் தெரியாது. தெரிய வைத்தால் வருவார்கள்.


ஆன் ஆர்பர் அய்யாசாமி எழுதியது:

நான் கொல்லங்கோட்டுக்காரன். மிச்சிகனில் பல வருடமாக இருக்கிறேன். பற்று என்றால் எப்படி இருக்கும் என்று இங்கே கண்ணால் பார்க்கிறேன், அதனால் எழுதத் தோன்றியது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானம் 1927-ல் கட்டியது. இப்போது 1,07,601 பேர் உட்காரலாம். ஆட்டம் உள்ள சனிக்கிழமை ஊரே மஞ்சளும் நீலமுமாக ஆகிவிடும். எண்பது வயதுப் பெரியவர் தான் படித்த காலத்துத் தொப்பியோடு வருவார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1962-லிருந்து ஒரு உள்ளூர் ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மீந்ததில்லை. அணி தோற்கிற வருடங்களிலும் வந்தார்கள். முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்கு நம் கல்லூரி மைதானம்தான் நினைவுக்கு வந்தது. வருத்தமாக இருந்தது.

ஆனால் இங்கே எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டமும் பணமும் அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான். ஆட்டக்காரர்கள் தங்கள் பேரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில் அனுமதி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி பல்கலைக்கழகமே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருடத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை. அவர்கள் உழைப்பில் மற்றவர்கள் கொழுத்தது போதும், அது நியாயம்தான். ஆனால் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பது என்று வரும்போது சில இடங்களில் கை வைத்தது தடகளத்திலும் நீச்சலிலும் டென்னிஸிலும். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம் அதே வருடம் தாண்டுதல், எறிதல் பிரிவுகளை நிறுத்திவிட்டு நெடுந்தூர ஓட்டத்தில் மட்டும் கவனம் என்று அறிவித்தது.

பாறைக்காட்டான் சொன்ன பயம் இங்கே நிஜமாகவே நடந்தது. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சுலபமாகிவிட்டது. அதிகம் கொடுக்கிற இடத்துக்குப் போகிறார்கள், பழைய மாணவர்கள் முனகுகிறார்கள். ஆனால் அது கோடிகளுக்கு ஏலம் நடக்கிற இடம். நாம் பேசுவது முட்டையும் பாலும் தடையும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இங்கிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு என்றால் அது 1972-ல் வந்த சட்டம். கல்வி நிலையத்தில் பெண்களுக்கும் சம வாய்ப்பு என்று சொன்ன சட்டம், விளையாட்டுக்கும் பொருந்தியது. அதற்கு அப்புறம்தான் கல்லூரிப் பெண்கள் விளையாட்டு இந்த நாட்டில் எழுந்தது. நாம் எது செய்தாலும் பாதி பெண் பிள்ளைகளுக்கு என்று முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் எல்லாம் கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் போய்விடும்.

நான் பணம் அனுப்பத் தயார். யாருக்கு, எப்படி என்று சொல்லுங்கள்.


கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

அய்யாசாமி சார் கடைசியில் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். பாதி பெண் பிள்ளைகளுக்கு. இது முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தடைதாண்டிக் கண்ணு, முழங்காலுக்குக் கீழே வலி என்று எழுதியிருந்தாயே. மண் டிராக்கிலிருந்து சிந்தெடிக்குக்குப் போன முதல் சில மாதங்களில் அது பலருக்கும் வரும். ஓடுகிற தூரத்தைத் திடீரென்று கூட்டாதே. வலி ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி இருந்தால் எலும்பு டாக்டரைப் பார், தள்ளிப் போடாதே. அதை மறைத்து ஓடி ஒரு சீசனையே இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.


கஞ்சிக்கோடு கணக்கர் எழுதியது:

பணம் எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். என் தொழில் இதுதான்.

முதலில் வெளிநாட்டுப் பணம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டு நிதி ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டையில் இருப்பவர் அனுப்பினால் ஆகும். அப்போது வாங்குகிற சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நிதிச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். நம் பழைய மாணவர் சங்கங்களில் அது இருக்கிற சங்கம் அபூர்வம். அய்யாசாமி சார் எந்தப் பாஸ்போர்ட் என்பதைப் பொறுத்து வழி மாறும்.

வரி விஷயம். சங்கத்துக்கு நன்கொடை வரிக்கழிவு அனுமதி (80ஜி என்பார்கள்) இருந்தால் கொடுப்பவருக்குக் கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. வங்கி வழியாகவே கொடுங்கள்.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? பத்துப் பேர் சேர்ந்து ஒரு பிள்ளையின் மெஸ் கட்டணத்தை ஏற்றுக்கொள்ள எந்தப் பதிவும் வேண்டாம். ஒருவருக்கு உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருடத்துக்கு மொத்தம் 50,000 ரூபாய் வரை வருகிற அன்பளிப்புக்கு வரி கிடையாது. அதற்குள் ஒரு பிள்ளையின் சாப்பாட்டை ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். சங்கம், பைலா, பொதுக்குழு என்று ஆரம்பித்தால் இரண்டு பேட்ச் பிள்ளைகள் படிப்பு முடித்துப் போயிருப்பார்கள்.

ரயில் செலவையும் கணக்கில் எடுங்கள். விளையாட்டு வீரர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பாட்டியாலாவுக்கோ புவனேஸ்வருக்கோ போட்டி என்றால் பயணப்படி பின்னால் வரும், டிக்கெட் முன்னால் எடுக்க வேண்டும். கையில் காசு இல்லாத வீட்டுக்கு அந்த இடைவெளிதான் பெரிசு. ஒரு சுழல் நிதி போதும், திரும்பி வருகிற பணம்தானே.


பாறைக்காட்டான் எழுதியது:

அம்மணி எழுதியதைப் படித்தேன். துரோகம் என்று நான் சொல்லவில்லை, அப்படிப் பட்டிருந்தால் வருத்தப்படாதே. உன் அப்பா செய்கிற வேலையை என் அப்பாவும் செய்தவர்தான்.

ஆனாலும் என் கேள்வியை விடவில்லை. நாங்கள் சாப்பாடு போட்டு, தடை வாங்கி வைத்து, அதற்கு அப்புறமும் பிள்ளைகள் வெளியே போனால் என்ன செய்வது? பணம் கொடுப்பவர்களிடம் நான் என்ன சொல்வது? வளைவு வேண்டாம் என்று சொல்கிறீர்கள், ஆனால் வளைவுக்கு என்றால் காசு கொடுக்க ஆள் இருக்கிறது. என் பேட்சில் கேட்டால் ‘பேர் எங்கே போடுவீங்க’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அதுவும் மனுஷ ஆசைதான், அதைக் கேவலமாகப் பார்க்க வேண்டாம்.


வேலந்தாவளத்தான் எழுதியது:

பேர் போடுகிற ஆசையை நான் கேவலமாகப் பார்க்கவில்லை. தடையின் குறுக்குப் பலகையில் எழுதலாமே. ‘1994 பொருளியல் பேட்ச்’ என்று. ஒரு லேனுக்குப் பத்துத் தடை, இரண்டு லேனுக்கு இருபது. இருபது பேட்ச் பேர் போடலாம். தினமும் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போவார்கள். வளைவைவிட அதிகமாக அந்தப் பேர் கண்ணில் படும்.

வெளியே போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு என் பதில், போகட்டும். அடித்துச் சொல்கிறேன். நம் மைதானத்தில் வளர்ந்த பிள்ளை பாரதியார் ஜெர்சியில் ஓடினாலும் மங்களூர் ஜெர்சியில் ஓடினாலும் நம் பிள்ளைதான். நம் வீடுகளில் கொழிஞ்சாம்பாறையில் பெண் கொடுத்து, கிணத்துக்கடவில் பெண் எடுக்கிறோம். நெல்லை இந்தப் பக்கம் விற்கிறோம், வைத்தியத்துக்குக் கோவை போகிறோம். ஓட்டத்தில் மட்டும் வாளையாரில் கோடு போடுவது எப்படி? தென் மண்டல வாலிபால் போட்டியில் காலிகட்டும் பாரதியாரும் மோதினால் எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் ஆள் இருப்பார்கள், கூச்சல் காதைப் பிளக்கும். அதுதான் எங்கள் ஊர்.

திரும்ப என்ன கிடைக்கும் என்று பார்த்துக் கொடுத்தால் அது முதலீடு. முதலீட்டுக்கு வேறு இடம் இருக்கிறது. பிள்ளைக்குக் கொடுப்பது அந்த வயதில் அதற்குத் தேவைப்படுகிறது என்பதற்காக. தடைதாண்டி கோவைக்குப் போனது சரியான முடிவு. அவர் போக வேண்டிய நிலைமையை வைத்தது நாம்.

போகாமல் இருக்கிற பிள்ளைகளையும் நினையுங்கள். பதக்கம் வாங்காமல் மூன்று வருடம் ஓடி, பட்டம் வாங்கிவிட்டுப் போகிறவர்கள்தான் எல்லாக் கல்லூரியிலும் அதிகம். அவர்களில் சிலர்தான் நாளைக்கு நம் பள்ளிகளில் பி.டி. சார்களும் டீச்சர்களும். பறளியும் முண்டூரும் அப்படிப்பட்டவர்களால்தான் உண்டானது.


தடைதாண்டி எழுதியது:

பாறைக்காட்டான் அண்ணா, வருத்தம் ஒன்றும் இல்லை. பலகையில் பேர் எழுதுவது நல்ல யோசனை. ஆனால் தடை வாங்கும்போது கனம் பார்த்து வாங்குங்கள். ரொம்ப லேசாக இருந்தால் காற்றுக்கு விழும், உயரம் மாற்றுகிற பூட்டு சீக்கிரம் தளர்ந்துவிடும். பெண்களுக்கு 84 சென்டிமீட்டர், 400 மீட்டருக்கு 76 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 110 மீட்டரில் 106.7. எல்லா உயரத்துக்கும் மாறுகிற மாதிரி இருந்தால் ஒரே செட் போதும். மழைக்காலத்தில் உள்ளே எடுத்து வைக்க ஒரு ஷெட் வேண்டும், இல்லையென்றால் இரண்டு வருடத்தில் துரு.

இன்னொன்று கேட்கலாமா? காசு கொடுக்க முடியாதவர்கள் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு நேரில் வாருங்கள். காலிகட் பல்கலைக்கழகம் இருக்கிற தேஞ்ஞிப்பாலத்தின் சிந்தெடிக் டிராக்கில் நடக்கும்போது இரிஞ்ஞாலக்குடா கிறைஸ்ட் கல்லூரிக்குக் கத்துவதற்கு ஆள் இருக்கும். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு பி.டி. சாரும் ஓடி முடித்த பிள்ளைகளும்தான். எட்டாவது தடையில் கால் எரியும்போது யாராவது நம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று ஓடியவர்களுக்குத்தான் தெரியும்.


ஆன் ஆர்பர் அய்யாசாமி எழுதியது:

கணக்கர் சார், என்னிடம் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். அப்படியென்றால் வழி சுலபம் என்று புரிகிறது. ஒரு பிள்ளையின் மெஸ்ஸை மூன்று வருடத்துக்கு நானும் என் நண்பர்கள் இருவரும் ஏற்றுக்கொள்கிறோம். பெண் பிள்ளை. பேர் எங்களுக்குத் தெரிய வேண்டாம், டீச்சர் தேர்ந்தெடுக்கட்டும்.


கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

தேர்ந்தெடுக்கிற பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் தனியாக இல்லை. அந்தந்தக் கல்லூரி பி.டி. சாரும் கூட இருக்க வேண்டும். டைமிங் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். தினமும் வருகிற பிள்ளை, வீட்டு நிலைமை, உடம்பு, மூன்றும் பார்க்க வேண்டும். முதல் வேலையாகச் சேர்கிற எல்லாருக்கும் ஹீமோகுளோபின் பார்த்துவிடுவோம்.

நீளம் தாண்டும் குழிக்கு எம்-சாண்ட் கொட்டிவிடாதீர்கள். கூர்மையாக இருக்கும், தொடையெல்லாம் கீறும். கழுவிய மெல்லிய மணல் கிடைக்கிற இடம் எனக்குத் தெரியும்.


பாறைக்காட்டான் எழுதியது:

எங்கள் பேட்ச் நாலு தடை. பேர் பலகையில் வேண்டும். ஷெட்டுக்கு ஷீட் போடுகிற வேலை என் மச்சான் செய்வான், கூலி கேட்க மாட்டான். வளைவு பற்றி என் கருத்து மாறவில்லை, அதை அப்புறம் பேசிக்கொள்வோம்.


வேலந்தாவளத்தான் எழுதியது:

பேசுவோம் அண்ணா, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

இப்போதைக்கு இப்படிச் செய்யலாம். தடை வாங்குவதற்கு மீரட்டிலும் ஜலந்தரிலும் விளையாட்டுப் பொருள் செய்கிறவர்களிடம் விலை கேட்டு, தடைதாண்டி சொன்ன கனமும் பூட்டும் இருக்கிறதா என்று பார்த்து இங்கேயே போடுகிறேன். கணக்கர் சார் சுழல் நிதிக்கு ஒரு தாளில் விதிமுறை எழுதித் தாருங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் மைதானத்தில் எதையும் இறக்க வேண்டும், அரசு நிலம் என்பதால் இதில் அவசரப்பட முடியாது. மழை விட்டதும் போட்டிகள் தொடங்கிவிடும். தேதி தெரிந்தவர்கள் இங்கே போடுங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வேன் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். வருகிறவர்கள் பேர் கொடுங்கள்.